மிச்சம் பிடித்த சம்பளம் எந்தக் கணக்கில் ஏறியது?



போன தை மாதக் கடைசியில் நடந்தது. எங்கள் தேவதானப்பட்டிப் பக்கம் மா பூவெடுத்து நிற்கிற நேரம். தத்துப்பூச்சி தலைகாட்டிவிட்டது, மரத்தடி இலையெல்லாம் பிசுபிசுவென்று இருந்தது. வேப்பங்கொட்டைக் கரைசல் அடித்துவிடலாம் என்று 10 கிலோ பருப்பை இடித்து, துணியில் கட்டி, ராத்திரி ஊறப் போட்டேன். 200 லிட்டருக்கு அதுதான் அளவு. காலையில் செல்போனில் பார்த்தேன். மழைக்கு வாய்ப்பு 20 சதவீதம் என்றது. அப்படியென்றால் வராது என்று நானாக முடிவு செய்துகொண்டேன்.

வெயில் தாழ 4 மணிக்கு ஆரம்பித்து 6 மணிக்கு முடித்தோம். ஆறே முக்காலுக்கு மழை பிடித்தது. கால் மணி நேரம்தான். மறுநாள் காலை மழைமானியில் 6 மில்லிமீட்டர் இருந்தது. அடித்த கரைசல் முழுக்க மண்ணுக்குப் போய்விட்டது. இரண்டு ஆள் கூலி, பெட்ரோல், பருப்பு எல்லாம் போச்சு.

என்னோடு மருந்தடித்த தம்பி சொன்னான்: "மேனேஜர் சார், மத்தியானமே மலையில மூடாக்குப் போட்டிருந்துச்சு. நீங்க போனையே பாத்துக்கிட்டு இருந்தீங்க."

அவன் சொன்னது சரி. ஆனால் அவனும் மத்தியானம் அதைச் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. பார்த்த ஆள் ஒருத்தன், முடிவெடுத்த ஆள் ஒருத்தன். இரண்டு பேருக்கும் நடுவில் சொல்வதற்கு ஒரு ஆள் இல்லாமல் போனதுதான் விஷயம். அந்த நடு ஆளைப் பற்றித்தான் இந்தக் கட்டுரை.

நமக்குத்தான் வானிலை அதிகம் வேண்டும்

ரசாயனம் அடிக்கிறவரைவிட நமக்கு மழைச் செய்தி கூடுதலாக வேண்டும். யோசித்துப் பாருங்கள். அவர்கள் மருந்தோடு ஒட்டும் திரவம் கலந்து அடிக்கிறார்கள். ஊடுருவிப் பாயும் மருந்தானால் சில மணி நேரத்தில் இலைக்குள் போய்விடும். நம்முடைய வேப்பங்கொட்டைக் கரைசலும் மூலிகைப் பூச்சிவிரட்டியும் இலைமேல் நின்று வேலை செய்பவை. காதி சோப்புக் கரைசல் சேர்த்தாலும் ஒரு நல்ல மழைக்குத் தாங்காது. வேப்பங்கொட்டைக் கரைசலை எடுத்து வைத்து அடுத்த வாரம் அடிக்கவும் முடியாது; ஊறியதை அன்றைக்கே அடித்தாக வேண்டும். வெயிலில் வீரியம் குறையும் என்று சாயங்காலம் அடிக்கிறோம். எங்கள் பக்கம் மலையோர மழை வருவதும் பெரும்பாலும் சாயங்காலம்தான்.

ஆகவே "நாளைக்கு அடிக்காதே, வியாழக்கிழமை அடி" என்று சொல்கிற ஒரு குரல் நமக்கு ஒரு இடுபொருள் மாதிரி.

199 மையங்களின் கதை

அப்படி ஒரு குரலை அரசாங்கமே ஏற்பாடு செய்திருந்தது. இந்திய வானிலை ஆய்வுத் துறை 'கிராமின் கிருஷி மௌசம் சேவா' என்ற திட்டத்தின் கீழ் நாடு முழுக்க 130 வேளாண் வானிலைக் கள மையங்களை நடத்துகிறது. ஒவ்வொன்றும் பல மாவட்டங்களைப் பார்க்க வேண்டும். அது போதாது, மாவட்டத்துக்கு ஒன்று வேண்டும் என்று 2018இலிருந்து வேளாண் அறிவியல் நிலையங்களுக்குள்ளேயே மாவட்ட வேளாண் வானிலைப் பிரிவுகளைத் தொடங்கினார்கள். 530 வரை கொண்டுபோவதாகத் திட்டம். 199 வரை வந்தது.

பெரிய அலுவலகம் ஒன்றும் கிடையாது. வேளாண் வானிலை படித்த ஒரு நிபுணர், ஒரு பதிவாளர், இரண்டே பேர். அதுவும் ஒப்பந்த ஊழியர்கள். செவ்வாயும் வெள்ளியும் அந்தந்த மாநில மொழியில் அறிக்கை. அடுத்த ஐந்து நாள் வானிலை, அதற்கேற்ப எந்தப் பயிருக்கு என்ன செய்யலாம் என்ற யோசனை. மையத்துக்கு இரண்டு பேர் என்று வைத்தாலும் நாடு முழுக்க 400 பேருக்குள்தான்.

2024 ஜனவரியில் இந்த 199 பிரிவுகளையும் மூடச் சொல்லி உத்தரவு வந்தது. அந்த நிதியாண்டு முடிவதற்குள் மூடியாகிவிட்டது. வானிலைத் தரவை இப்போது தானியங்கிக் கருவிகளே தருகின்றன, இதற்குத் தனியாக ஆள் வேண்டியதில்லை என்று நிதி ஆயோக் தரப்பில் வாதம் வைக்கப்பட்டதாகப் பத்திரிகைகளில் படித்தோம். அதே 2024 செப்டம்பரில் 'மிஷன் மௌசம்' என்ற திட்டத்துக்கு மத்திய அமைச்சரவை 2,000 கோடி ரூபாய் ஒதுக்கியது. ரேடார், செயற்கைக்கோள், அதிவேகக் கணினி எல்லாம் வரும். வரட்டும், நல்லதுதான். ஆனால் அந்தக் கணினி கணித்ததைக் குடியானவன் காதில் போடுகிற இரண்டு பேருக்குச் சம்பளம் கொடுப்பதுதான் பாரம் என்று ஆகிவிட்டது.

இயந்திரம் சொல்வதும் மனிதர் சொல்வதும்

நியாயமாகப் பேச வேண்டும். தானியங்கிக் கருவிக்கு நான் எதிரி இல்லை. ராத்திரி 2 மணிக்கு எழுந்து வெப்பமானி பார்க்க எந்த மனிதராலும் முடியாது, கருவி பார்க்கும். செவ்வாய்க்கிழமை அறிக்கைகளில் சில, எந்த ஊருக்கும் எந்த வாரத்துக்கும் பொருந்துகிற மாதிரி பொத்தாம்பொதுவாக இருந்ததும் உண்மை. வேலை செய்யாத ஆளுக்குச் சம்பளம் கொடுக்கச் சொல்லி நான் எழுதவில்லை.

ஆனால் கருவி எப்படி வேலை செய்கிறது என்று தெரிந்துகொள்ளுங்கள். தானியங்கி மழைமானிக்குள் சின்னதாக ஒரு ஏற்றத் தாழ்வுப் பலகை இருக்கும், பிள்ளைகள் விளையாடும் சீசா மாதிரி. ஒரு பக்கக் கிண்ணத்தில் குறிப்பிட்ட அளவு தண்ணீர் சேர்ந்ததும் அது கவிழும். மறுபக்கம் மேலே வரும். எத்தனை தடவை கவிழ்ந்தது என்பதுதான் மழைக் கணக்கு. மேலே உள்ள புனலில் சருகு அடைத்துக்கொண்டாலோ, குளவி கூடு கட்டினாலோ, காக்கை எச்சமிட்டு இறுகிப்போனாலோ பலகை கவிழாது. வெளியே கொட்டோ கொட்டென்று கொட்டும். கருவி "மழை இல்லை" என்று தலைமையகத்துக்கு அனுப்பும். பக்கத்தில் நனைந்துகொண்டே நிற்கிற ஒரு ஆளுக்குத்தான் அது பொய் என்று தெரியும்.

அடுத்தது, தரவு வேறு, யோசனை வேறு. கரிசல் காட்டில் மானாவாரி செய்கிற என் நண்பர் ஒருவர் சொன்னதை அவர் வார்த்தையிலேயே தருகிறேன்:

"அண்ணாச்சி, புரட்டாசிக் கடைசியில ஒரு மழை பேஞ்சது. ஊரே விதைப் பெட்டியத் தூக்கிருச்சு. எங்களுக்குச் செய்தி போடுற புள்ள இருந்துச்சே, அது அன்னைக்குச் சாயங்காலம் குரல் பதிவு அனுப்புச்சு. 'இந்த ஈரத்த நம்பாதீங்க, அஞ்சு நாளைக்கு மழை இல்ல, மொளச்சது கருகிரும்'னு. நானும் இன்னும் நாலஞ்சு பேரும் நிறுத்திட்டோம். மத்தவங்க உளுந்தை ரெண்டாந் தடவ வெதைச்சாங்க. இப்ப அந்தப் புள்ள இல்ல. போன்ல மேகப் படந்தான் வருது. மேகம் வந்தா மேகம்னு எனக்கே தெரியாதா?"

அந்தப் பெண் கருவியைவிடப் புத்திசாலி என்று இதற்கு அர்த்தம் இல்லை. ஐந்து நாள் கணிப்பை அவருக்கு இயந்திரம்தான் கொடுத்தது. அந்த வாரம் அந்த ஊரில் விதைப் பெட்டி வெளியே வந்திருக்கிறது என்பது அவருக்குத் தெரியும். கரிசல் மண் ஒரு மழைக்கு மேலே மட்டும் நனையும், அடி ஈரம் சேராது என்பதும் தெரியும். இரண்டையும் சேர்த்துச் சொன்னார். அந்த "சேர்த்துச் சொல்வது" எந்தக் கருவியின் வேலைப் பட்டியலிலும் கிடையாது.

நானும் ஒரு காலத்தில் கத்தரி பிடித்தவன்

இதை எழுத எனக்கு என்ன தகுதி என்று கேட்கலாம். தகுதி இருக்கிறது, ஏனென்றால் நானே அந்தத் தப்பைச் செய்திருக்கிறேன்.

34 வருடம் வங்கியில் வேலை. 2000-01இல் அரசு வங்கிகளில் விருப்ப ஓய்வுத் திட்டம் வந்தது உங்களில் பலருக்கு நினைவிருக்கும். நாடு முழுக்கச் சுமார் ஒரு லட்சம் பேர் வெளியே போனார்கள். அடுத்த சில வருடங்களில், "எந்தக் கிளையில் எத்தனை ஆளைக் குறைக்கலாம்" என்று பார்த்து எழுதும் வேலை எனக்கு வந்தது. அதில் மலையடிவாரத்தில் ஒரு கிளை. பஸ் ஒரு நாளைக்கு நாலு தடவை. வைப்புத்தொகை குறைவு. அங்கே ஒரு வேளாண் அதிகாரி இருந்தார். பாதி நாள் நாற்காலியில் இருக்க மாட்டார். மோட்டார் சைக்கிளில் தோட்டம் தோட்டமாகச் சுற்றுவார். "இந்தப் பணியிடத்தின் பயன் அளவிடத் தக்கதாக இல்லை, நகரக் கிளையோடு இணைக்கலாம்" என்று எழுதினேன். நல்ல வாசகம் என்று மேலதிகாரி பாராட்டவும் செய்தார்.

மூன்று வருடம் கழித்து அதே கிளைக்கு வேறு வேலையாகப் போனேன். பயிர்க்கடன் கேட்டு வருகிறவர்களை நம்பி எழுத ஆள் இல்லை. யாருக்கு எந்த மண், கிணற்றில் எத்தனை அடி தண்ணீர், எவர் கடனை வேறு வழியில் செலவழிப்பார் என்று தெரிந்த ஒரே மனிதர் போய்விட்டார். ஆகவே எல்லாருக்கும் நகைக்கடன்தான். நகை இல்லாதவர் மீட்டர் வட்டிக்குப் போனார். மழை பொய்த்த வருடம் நகை ஏலத்துக்கு வந்தது. முன்பெல்லாம் அந்த அதிகாரி நேரில் போய் இரண்டு தவணை தள்ளிப் போட்டுக் காப்பாற்றிய கடன்கள் வராக்கடன் ஆகியிருந்தன.

கணக்கில் என்ன ஆயிற்று தெரியுமா? அவர் சம்பளம் 'நிர்வாகச் செலவுக் குறைப்பு' என்ற தலைப்பில் மிச்சமாக ஏறியது; என் பேரில் ஏறியது. வராக்கடன் வேறு தலைப்பில், வேறு வருடத்தில், அப்போது அங்கே மேலாளராக இருந்த வேறொருவர் பேரில் ஏறியது. ஏலம் போன தாலிக்கொடி எந்தப் பேரேட்டிலும் ஏறவில்லை. இரண்டு கணக்கையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தவர் யாரும் இல்லை. நானும் அன்றைக்குப் பார்க்கவில்லை.

199 வானிலைப் பிரிவுகளை மூடிய கணக்கும் அப்படித்தான். சம்பளம் மிச்சமானது ஒரு அமைச்சகத்தின் ஏட்டில் தெரியும். இரண்டாம் தடவை விதைத்த உளுந்தும், மழையில் கரைந்த வேப்பங்கொட்டையும் நம் வீட்டுக் கணக்கு. அதை யார் கூட்டிப் பார்க்கிறார்கள்? ஒரு தடவை பார்த்திருக்கிறார்கள். தேசியப் பயன்பாட்டுப் பொருளாதார ஆய்வுக் குழு 2020இல் ஒரு ஆய்வு வெளியிட்டது. மழைக் கணிப்பால் மானாவாரிப் பகுதிக் குடும்பங்களுக்குக் கிடைக்கும் பலன் வருடத்துக்கு 13,331 கோடி ரூபாய் என்று அதில் மதிப்பிட்டிருந்தார்கள். பேசிய விவசாயிகளில் 98 சதவீதம் பேர் கணிப்பைக் கேட்டுத் தங்கள் வேலையில் ஒன்றையாவது மாற்றிக்கொண்டிருக்கிறார்கள். கணிப்பு காதுக்கு வந்தால்தானே மாற்ற முடியும்?

பலூன் விடுகிற ஆள்

"போனில்தான் எல்லாம் வருகிறதே" என்று சொல்லும் இளைஞர்களுக்கு ஒரு செய்தி. உலகம் முழுக்க நூற்றுக்கணக்கான இடங்களில் ஒரே நேரத்தில், தினம் இரண்டு தடவை, வானிலை பலூன் விடுகிறார்கள். நம் நேரத்துக்குக் காலை ஐந்தரையும் மாலை ஐந்தரையும். பலூனோடு போகும் சின்னக் கருவி மேலே காற்று, ஈரம், வெப்பம் எல்லாவற்றையும் அளந்து அனுப்பும். எல்லா நாடுகளும் அதைப் பகிர்ந்துகொள்கின்றன. உங்கள் போனில் வருகிற 20 சதவீதமும் 60 சதவீதமும் அந்தக் கணக்கில் விளைந்தவைதான்.

2025 பிப்ரவரியில் அமெரிக்காவின் அலாஸ்காவில் கோட்செபு என்ற ஊரில் பலூன் விடுவதை நிறுத்தினார்கள். வட துருவ வட்டத்துக்கு மேலே இருக்கிற ஊர் அது. காரணம், ஆள் பற்றாக்குறை. பணக்கார நாட்டிலேயே கதை இதுதான். கடைக்கோடியில் இருக்கிற நிலையத்தில்தான் முதலில் ஆளைக் குறைப்பார்கள். அங்கே சத்தம் போட ஆள் கிடையாது. ஆனால் சுற்றுவட்டாரத்தில் வேறு கண் இல்லாத இடமும் அதுதான்.

நம் தலைக்கு மேலேயே ஒரு பாடம்

எங்கள் ஊரிலிருந்து வடக்கே நிமிர்ந்தால் கொடைக்கானல் மலை. அதன் உச்சியில் சூரிய ஆய்வு நிலையம் இருக்கிறது. அது ஏன் வந்தது தெரியுமா? 1876-78 பஞ்சத்தால். நம் பாட்டிமார் தாது வருடப் பஞ்சம் என்று சொன்னது. லட்சக்கணக்கான பேர் செத்த பிறகு, மழை ஏன் பொய்க்கிறது, சூரியனில் தெரியும் கரும்புள்ளிகளுக்கும் பருவமழைக்கும் தொடர்பு உண்டா என்று பார்க்க ஒரு நிலையம் வேண்டும் என்ற பேச்சு வந்தது. 1899இல் சென்னையிலிருந்து வானாய்வுப் பணியைக் கொடைக்கானலுக்கு மாற்றினார்கள். அப்போது மலைக்கு மோட்டார் சாலை கிடையாது. பெரியகுளத்துக்குப் பக்கத்துக் கிருஷ்ணம நாயக்கன் தோப்பிலிருந்து ஏறுகிற செங்குத்துப் பாதைதான்.

1901இலிருந்து சூரியனைக் கவனித்துக் குறித்து வருகிறார்கள். கரும்புள்ளிக்கும் மழைக்கும் நினைத்த மாதிரி நேரான சூத்திரம் ஒன்றும் கிடைத்துவிடவில்லை. பத்தாவது வருடமே ஒரு செலவுக் குறைப்பு அதிகாரி, என்னைப் போல ஒருவர், மேலே போயிருந்தால் "பயன் அளவிடத் தக்கதாக இல்லை" என்று எழுதியிருப்பார். ஆனால் விடாமல் எடுத்த நூறு வருடத்துப் படங்கள் இன்றைக்கு உலக விஞ்ஞானிகளுக்குப் பெரிய சொத்து. நடுவில் விட்டுப்போன வருடத்தைப் பின்னால் எவ்வளவு கோடி கொடுத்தாலும் வாங்க முடியாது. பதிவு வேலையின் தன்மை அது.

நம் பெரியவர்களுக்கு இது தெரிந்திருந்தது. கண்மாய்ப் பாசனத்தில் நீர்பாய்ச்சி என்று ஒருவர் இருந்தார். மடை திறப்பதும், கரையில் நண்டு வளை பார்ப்பதும், எந்த வயலுக்கு எப்போது தண்ணீர் என்று சொல்வதும் அவர் வேலை. நெல் வீட்டுக்குப் போவதற்கு முன்னால் களத்திலேயே அவர் பங்கு அளக்கப்பட்டது. கரை உடையாத வருடம், "இந்த வருடம் ஒன்றும் நடக்கவில்லையே, எதற்குப் பங்கு?" என்று யாரும் கேட்கவில்லை. ஒன்றும் நடக்காமல் இருந்ததற்குத்தான் அந்தப் பங்கு.

என்ன செய்யலாம்?

மூடிய பிரிவுகளை மறுபடி திறக்கும் யோசனை இருப்பதாகப் பின்னால் செய்திகள் வந்தன. திறக்கட்டும். ஆனால் அனுபவப்பட்டு ஊர் பழகிய ஒப்பந்த ஊழியர் இத்தனை நாள் வேலையில்லாமல் காத்துக்கொண்டிருப்பாரா? நாம் சும்மா இருந்தால் அதுவும் பேச்சோடு போகும். என் யோசனைகள் இவை:

ஒன்று, ஆளுக்கொரு மழைமானி. விலை கொடுத்து வாங்க வேண்டியதில்லை. வாயும் அடியும் ஒரே அகலமாக, நேர்ச் சுவராக, தட்டையான அடியோடு உள்ள எந்த டப்பாவும் போதும். மரம், கூரையிலிருந்து அவற்றின் உயரத்தைப் போல இரண்டு மடங்கு தூரம் தள்ளி, ஆடாமல் வையுங்கள். தினம் காலை 8:30க்கு அளவுகோலை விட்டு மில்லிமீட்டரில் குறித்துக் கொட்டிவிடுங்கள். வானிலைத் துறையும் அந்த நேரத்தில்தான் அளக்கிறது. 1 மில்லிமீட்டர் மழை என்றால் ஒரு ஏக்கருக்குச் சுமார் 4,000 லிட்டர். எனக்கு நஷ்டம் தந்த அந்த 6 மில்லிமீட்டர், ஏக்கருக்கு 24,000 லிட்டர் தண்ணீரும் தந்தது. வாங்கினால் இரண்டு பெரிய லாரித் தண்ணீர். பாத்திக்குப் பாய்ச்சுவதை மூன்று நாள் தள்ளிப் போட்டேன்.

இரண்டு, அதே நோட்டில் ஒரு நஷ்டப் பத்தி. "மழை தெரியாமல் போனதால் வீணானது: 10 கிலோ பருப்பு, 2 ஆள் கூலி" என்று எழுதுங்கள். நான் எழுத ஆரம்பித்துவிட்டேன். 34 வருடம் நான் பார்த்த எந்தப் பேரேட்டிலும் இல்லாத பத்தி இது. இது இல்லாததால்தான் நாம் கேட்கிறபோது நம்மிடம் எண் இல்லை.

மூன்று, மாதம்தோறும் ஆட்சியர் அலுவலகத்தில் நடக்கும் விவசாயிகள் குறைதீர் கூட்டத்தில் அந்த நோட்டோடு எழுந்து நில்லுங்கள். மாவட்டத்துக்கு ஒரு வேளாண் வானிலைப் பிரிவு, நிரந்தரப் பணியிடத்தோடு வேண்டும் என்று மனுக் கொடுங்கள். நூறு நோட்டு சேர்ந்தால் அதுவே ஒரு ஆய்வறிக்கை.

ஒரு எச்சரிக்கையும் உண்டு. "விவசாயிகளே அளந்துகொள்கிறார்கள், இனி நாங்கள் எதற்கு?" என்று அரசு நழுவிவிட இடம் கொடுக்கக் கூடாது. டப்பா வைத்து நேற்றைய மழையை நாம் அளக்கலாம். நாளைய மழையைச் சொல்ல ரேடார் வேண்டும், பலூன் வேண்டும், படித்த ஆள் வேண்டும். அதற்கு நாம் வரி கட்டியிருக்கிறோம்.

எங்கள் குழுவில் இப்போது பதினோரு பேர் தினம் காலை மழை அளவைப் பகிர்கிறோம். மஞ்சளாறு அணைப் பக்கத்துத் தோட்டக்காரர் எலிவால் அருவி தடித்திருக்கிறதா, இளைத்திருக்கிறதா என்றும் சேர்த்துப் போடுகிறார். எனக்கு மலை மூடாக்கைச் சொன்ன தம்பிக்கு, மத்தியானம் 2 மணிக்கு மேற்கையும் வடக்கையும் பார்த்து ஒரு செய்தி போடுகிற வேலை கொடுத்திருக்கிறோம். சும்மா இல்லை, பதினோரு பேரும் மாதம் ஆளுக்கு 100 ரூபாய் போட்டு அவனுக்குக் கொடுக்கிறோம். முதல் மாதம் பணத்தை வாங்கத் தயங்கினான். "வானத்தப் பாக்குறதுக்கா சார் காசு?" என்றான்.

"ஆமாப்பா, அதுக்குத்தான்" என்றேன். பழைய மேனேஜர் இல்லையா, வவுச்சரில் கையெழுத்தும் வாங்கிக்கொண்டேன்.